வீடு மாற 80 ஆயிரம்... அதற்கு வரி 57 ஆயிரமா?

போன ஆடி மாதம் எங்கள் மாடி போர்ஷனுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா என்று கேட்காதீர்கள். அலுவலகத்துக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. 'ஆகஸ்ட் 1-ம் தேதி சிறுசேரி ஆபீஸில் இருக்க வேண்டும்' என்று மெயில் வந்தால் வந்ததுதான். ஆனி முடிவதற்குள் ஒருநாள் வந்து பால் மட்டும் காய்ச்சி வைத்துவிட்டுப் போனார்கள். சாமான்கள் ஆடியில் இறங்கின.

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோடு தாண்டி உள்ளே. பெரிய லாரி எங்கள் தெருவுக்குள் திரும்பாது. மெயின் ரோட்டில் நிறுத்தி, அங்கிருந்து குட்டி யானையில் நான்கு நடை அடித்தார்கள். பீரோவை மாடிக்கு ஏற்றும்போது அந்தப் பையன்கள் பட்ட பாட்டைப் பார்த்து நான்தான் மோர் கரைத்துக் கொடுத்தேன். மாடி வீட்டுப் பெண்ணோடு எனக்குப் பழக்கமானது அப்படித்தான்.

அன்று அவள் சந்தோஷமாகவே இருந்தாள். "செலவு ஜாஸ்திதான் அக்கா. ஆனா கம்பெனியே ஷிஃப்டிங்குக்கு 80 ஆயிரம் கொடுக்குறாங்க" என்றாள்.

அடுத்த மாதம் அவள் முகம் மாறிவிட்டது. சம்பள ஸ்லிப்பை போனில் காட்டினாள். அதுவரை வருமான வரிப் பிடித்தம் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. இப்போது 7,150 ரூபாய். மார்ச் வரை மாதாமாதம் இதே தொகை பிடிப்பார்களாம். எட்டு மாதத்துக்கு மொத்தம் 57,200 ரூபாய்.

"அவங்க கொடுத்தது 80 ஆயிரம். அதுல 57 ஆயிரம் வரின்னா, வீடு மாத்தினது என் சொந்தக் காசுலயா அக்கா?"

எனக்கும் நம்ப முடியவில்லை. எங்கள் தெருவில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். பாதித் தெருவுக்கு அவர்தான் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பார். இருவருமாக அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். அவர் பேப்பரில் போட்டுக் காட்டிய கணக்கு சரியாகவே இருந்தது.

55 ஆயிரம் தாண்டியதால் வந்த வினை

கணக்கு இதுதான். அவளுடைய ஆண்டுச் சம்பளம் 12,50,000 ரூபாய். புதிய வரி முறையில் இருக்கிறாள். 2025-26 நிதியாண்டில் அந்த முறையில் நிலையான கழிவு 75,000 ரூபாய் போக, வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் வரி இல்லை. சம்பளக்காரர்கள் '12.75 லட்சம் வரை வரி கிடையாது' என்று பேசிக்கொள்வது இதைத்தான். அவள் 11,75,000-ல் நிம்மதியாக இருந்தாள்.

அந்த 80 ஆயிரமும் சம்பளமாகச் சேர்ந்ததும் மொத்தம் 13,30,000. நிலையான கழிவு போக 12,55,000. 12 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தாண்டினால் முதல் நான்கு லட்சத்துக்கு மேலே உள்ளதற்கெல்லாம் வரி வந்துவிடும். அந்தக் கணக்குப்படி 68,250 ரூபாய் வர வேண்டும். ஆனால், 55 ஆயிரம் கூடுதலாகச் சம்பாதித்தவரிடம் 68 ஆயிரம் வரி கேட்பது அநியாயம் அல்லவா? அதற்காகச் சட்டத்திலேயே ஒரு நிவாரணம் வைத்திருக்கிறார்கள். 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு தாண்டியிருக்கிறதோ, வரி அதற்கு மேல் போகாது. ஆகவே வரி 55,000. அதன்மேல் 4 சதவீதம் செஸ் 2,200. ஆக மொத்தம் 57,200.

நிவாரணம் கொடுத்தும் இந்தக் கதி! 12 லட்சத்தின் வாசலில் நிற்பவர்களுக்கு எந்தப் பணம் கூடுதலாக வந்தாலும் இந்த ஆபத்து உண்டு. போனஸ் என்றால் சரி, சம்பாதித்த பணம் என்று விட்டுவிடலாம். லாரிக்காரர் கைக்குப் போன பணத்துக்கும் இப்படியா?

"இல்லம்மா" என்றார் மாமா. "இது சம்பளமே இல்லை. நீதான் இதைச் செலவுன்னு அவங்களுக்குக் காட்டலை."

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே நம் எல்லோருக்கும் ஒரு குழப்பம் உண்டு. வேலைக்காக வீடு மாறினால் அந்தச் செலவை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று எங்கோ படித்த ஞாபகம் இருக்கும். மாடி வீட்டுப் பெண்ணுக்கும் அவளுடைய அண்ணன் அமெரிக்காவிலிருந்து ஏதோ ஒரு லிங்க் அனுப்பியிருந்தார். அதில் 50 மைல் தூரம், படிவம் 3903 என்றெல்லாம் இருந்தது. அது அமெரிக்கச் சட்டம். அங்கேயும் 2018 முதல் அந்தக் கழிவை நிறுத்தி வைத்திருந்தார்கள். 2025-ல் வந்த சட்டம் அதை நிரந்தரமாகவே எடுத்துவிட்டது. ராணுவத்தினர் போன்ற சிலருக்கு மட்டும்தான் மிச்சம். கனடாவில் இன்னும் இருக்கிறது. ஸ்கார்பரோவில் இருக்கும் நம் ஆட்கள் புது வேலைக்காக, வேலையிடத்துக்குக் குறைந்தது 40 கிலோமீட்டர் நெருக்கமாக வீடு மாறினால், தங்கள் கையிலிருந்து செலவழித்ததையே கழித்துக்கொள்ளலாம். பிரிட்டனில் முதலாளி கொடுத்தால் 8,000 பவுண்டு வரை வரி இல்லை.

இந்தியாவில்? உங்கள் கைக்காசைப் போட்டு வீடு மாறினால் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. சம்பள வருமானத்தில் கழிப்பதற்குச் சட்டம் அனுமதிப்பவை மிகச் சில. நிலையான கழிவு, பழைய முறையில் தொழில்வரி, அரசு ஊழியருக்கு ஒரு சிறு படி... அவ்வளவுதான். பஸ் பாஸ் முதல் பீரோ ஏற்றும் கூலி வரை எல்லாச் செலவுக்கும் சேர்த்துத்தான் அந்த நிலையான கழிவு என்பது சட்டத்தின் நினைப்பு.

ஆனால், நிறுவனம் உங்களை இடமாற்றம் செய்து, அதற்காகப் பணம் கொடுத்தால் கதை வேறு. வருமான வரிச் சட்டம் 1961-ன் பிரிவு 10(14), அதோடு விதி 2பிபி. இடமாற்றப் பயணத்துக்காகக் கொடுக்கப்படும் படிக்கு, உண்மையில் செலவான அளவுக்கு வரிவிலக்கு உண்டு. சாமான்களைக் கட்டுவது, ஏற்றிச் செல்வது ஆகிய செலவுகளும் இதில் அடங்கும் என்று அந்த விதியின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு விதியில் இல்லை.

இதில் பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. வீட்டு வாடகைப் படி, 80சி என்று பழைய சலுகைகள் பலவற்றையும் புதிய வரி முறை கழற்றிவிட்டது. ஆனால், இந்த இடமாற்றப் படியை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. 2020-ல் விதியைத் திருத்தியபோது புதிய முறையிலும் தொடரலாம் என்று சொன்ன சில படிகளில் இதுவும் ஒன்று. "புது ரெஜிம்ல எதுவுமே கிடையாது சார்" என்று சம்பளப் பிரிவில் சொன்னால், அதை அப்படியே நம்பிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

விதியில் முக்கியமான வார்த்தை 'செலவான அளவுக்கு' என்பதுதான். 80 ஆயிரம் கொடுத்து 60 ஆயிரம் செலவானால், 60 ஆயிரத்துக்குத்தான் விலக்கு. மீதி 20 ஆயிரம் சம்பளம். செலவைக் காட்டவே இல்லையென்றால் 80 ஆயிரமும் சம்பளம். மாடி வீட்டில் நடந்தது இதுதான். நிறுவனம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு பில் கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறது. வீடு மாறும் களேபரத்தில் அவள் அதைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் பயனில்லை. அவளிடம் பில்லே இல்லை.

"பில் வேணுமா மேடம்?"

சாமான் ஏற்றுபவர்களிடம் பேசியவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. "பில் இல்லாம 46 ஆயிரம். பில் போட்டா 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும் மேடம்." பழைய கார் ஒன்றும் சேர்த்து ஏற்றியதால் 46 ஆயிரம். 18 சதவீதம் என்றால் 8,280 ரூபாய். யாருக்குத்தான் மனசு வரும்? "பில் வேண்டாம்ப்பா" என்று ஜிபே செய்துவிட்டாள். அந்த 8,280 ரூபாயை மிச்சம் பிடித்ததுதான் 57,200 ரூபாயில் கொண்டுபோய் விட்டது.

ஜிபே ஸ்கிரீன்ஷாட் பில் ஆகாதா என்று கேட்டாள். நானும் அதைத்தான் நினைத்தேன். பணம் போனதற்கு அது சாட்சி, எதற்காகப் போனது என்பதற்குச் சாட்சி இல்லை என்றார் மாமா. பெயர், தேதி, எங்கிருந்து எங்கே, என்ன சாமான், எவ்வளவு... இவை இருக்கும் ரசீதுதான் சம்பளப் பிரிவில் செல்லும். ஸ்கிரீன்ஷாட்டை அதோடு இணைக்கலாம், அது கூடுதல் பலம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல வேளை, அது பதிவு பெற்ற நிறுவனம். போனில் பலமுறை கெஞ்சி, ஒருமுறை சத்தமும் போட்டு, வரித்தொகை 8,280 ரூபாயைக் கட்டி, 54,280 ரூபாய்க்கு முறையான பில் வாங்கினாள். ஸ்கூட்டரை மட்டும் ரயிலில் பார்சல் போட்டிருந்தார்கள். அந்த ரசீது அவள் கணவரின் பர்ஸிலேயே இருந்தது. நாலு பேருக்கான ரயில் டிக்கெட் போன் ஆப்பில் கிடைத்தது. எல்லாம் கூட்டினால் 60 ஆயிரம் வந்தது. குட்டி யானைக்குக் கொடுத்ததற்கும் பீரோ ஏற்றிய பையன்களுக்குக் கொடுத்ததற்கும் ரசீது ஏது? அது போனது போனதுதான்.

ஆனால் 60 ஆயிரம் போதுமானதாக இருந்தது. மீதி 20 ஆயிரம் சம்பளத்தில் சேர்ந்தாலும், நிலையான கழிவு போக வருமானம் 11,95,000 ரூபாய். 12 லட்சத்துக்குள் வந்துவிட்டது. வரி பூஜ்யம். (வங்கி வட்டி போல வேறு வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் மறுபடி சிக்கல். அவளுக்கு அது இல்லை.) ஜனவரியில் ஆதாரங்கள் கேட்கும்போது எல்லாவற்றையும் கொடுத்தாள். அந்த மாதத்திலிருந்து பிடித்தம் நின்றது.

ரயில் பார்சலைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோலைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும், ஆர்.சி. நகல் வேண்டும், பேக்கிங் வேண்டும் என்று அலைச்சல்தான். ஆனால், ரயில்வே கொடுக்கும் ரசீதைப்போல மறுபேச்சில்லாத ரசீது வேறு இல்லை.

இன்னொன்று, டோல்கேட்டிலும் பெட்ரோல் பங்க்கிலும் தரும் சின்னக் காகிதத்தில் எழுத்து சில மாதங்களில் மறைந்துவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.

எது சேரும், எது சேராது?

குடும்பத்தின் பயண டிக்கெட், பேக்கிங், லாரி, காரையும் பைக்கையும் கொண்டுவரும் செலவு ஆகியவை சேரும். புது ஊரில் வீடு கிடைக்கும்வரை நிறுவனம் ஓட்டலிலோ சர்வீஸ் அபார்ட்மென்டிலோ தங்கவைத்தால், முதல் 15 நாட்களுக்கு அது வரி கணக்கில் வராது. 15 நாள்தான்! ஆடி முடியட்டும், ஆவணி பிறந்ததும் வீடு பார்க்கலாம் என்று மாதக்கணக்கில் தங்கினால், மிச்ச நாட்களுக்கான தொகை உங்கள் சம்பளத்தோடு சேரும். சட்டம் எழுதியவர்கள் பஞ்சாங்கம் பார்க்கவில்லை.

வீட்டு புரோக்கருக்குக் கொடுக்கும் ஒரு மாத வாடகை சேராது. நிறுவனம் அதைக் கொடுத்தாலும் சம்பளமாகவே கருதுவார்கள். பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக் கட்டணமும் அப்படியே. டியூஷன் ஃபீஸ் மட்டும் பழைய முறையில் 80சி-க்குள் வரும். அட்வான்ஸ் என்பது திரும்பி வரவேண்டிய பணம், அது செலவே இல்லை. (நம் பகுதியில் சர்வசாதாரணமாக ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம், தனியாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த ஒப்பந்தத்தில்தான் பத்து மாதம் என்று எழுதி நம்மிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்களே!) ஏ.சி. கழற்றி மாட்டுவது, புது ஜன்னலுக்கு ஸ்கிரீன் தைப்பது, பால் காய்ச்சிய அன்று வந்தவர்களுக்கு டிபன் போட்டது எல்லாம் நம் கணக்கு.

புது வேலையில் சேர்ந்தால்?

இந்தக் கேள்வி சிறுசேரி, ஒரகடம், மறைமலை நகர், சானடோரியம் மெப்ஸ் என்று வேலை தேடி வரும் இளைஞர்களுக்கு முக்கியமானது. விதியில் இருக்கும் சொல் 'இடமாற்றம்'. ஏற்கெனவே வேலை பார்க்கும் நிறுவனம் உங்களை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அனுப்புவது அது. திருநெல்வேலியிலிருந்து முதன்முதலாக வேலைக்கு வருபவருக்கோ, ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றில் சேருபவருக்கோ கொடுக்கும் 'ஜாயினிங் போனஸ்' இதில் வராது. வேலையில் சேருவதற்கு முன் கொடுத்தாலும் அது சம்பளம்தான் என்று சட்டம் தனியாகவே சொல்கிறது. அப்படிச் சேருபவருக்கு லாரிச் செலவை பில்லுக்கு ஈடாகத் திருப்பிக் கொடுத்தால்? இங்கேதான் நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை மாறுகிறது. சம்பளமாகக் காட்டிவிடுவதுதான் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. ஆண்டுச் சம்பளம் 12 லட்சத்துக்கு வெகு கீழே இருக்கும் பையன்கள் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், எப்படியும் அவர்களுக்கு வரி வராது. பன்னிரண்டு, பதிமூன்று லட்சம் என்று இருப்பவர்கள் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே பேசிவிடுவது நல்லது.

என்ன பேசுவது? கடிதத்தில் அந்தத் தொகைக்கு என்ன பெயர் என்று பாருங்கள். 'ஒன் டைம் பேமென்ட்', 'போனஸ்' என்று இருந்தால், இடமாற்றச் செலவுக்கான படி என்று மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். இன்னும் நல்லது, சாமான் ஏற்றும் நிறுவனத்துக்கு அவர்களே நேரடியாகப் பணம் கட்டிவிடுவது. பெரிய நிறுவனங்களில் இந்த ஏற்பாடு உண்டு. நமக்கு பில் வேட்டை மிச்சம்.

அதே கடிதத்தில் இன்னொரு வரி இருக்கும். ஓராண்டுக்குள் வேலையை விட்டால் இந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கைக்கு வந்தது வரி போக மிச்சம், ஆனால் திருப்பிக் கேட்பது முழுத் தொகை. நடுவில் போன வரியை மீட்பது பெரிய போராட்டம். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த அலைச்சலுக்குப் பயந்தே பிடிக்காத வேலையில் பதினோரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

கம்பெனி மாறுபவர்களுக்கு இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. பழைய இடத்தில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வாங்கிய சம்பளத்தைப் புது இடத்தில் சொல்ல வேண்டும். அதற்கென்று படிவம் இருக்கிறது. சொல்லாவிட்டால் இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாக, 'இவர் வருமானம் 12 லட்சத்துக்குள்தான்' என்று முடிவு செய்து வரியே பிடிக்காமல் விட்டுவிடும். நிலையான கழிவையும் இரண்டு பேரும் கொடுத்துவிடுவார்கள். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது மொத்தமாக, வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

அரசு ஊழியர்களுக்கு

தாம்பரம் என்றாலே விமானப்படைத் தளமும் ரயில்வேயும்தான். மாற்றல் உத்தரவு அந்த வீடுகளில் பழகிப்போன ஒன்று. மத்திய அரசு ஊழியர்களுக்கு ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் வந்த விதிப்படி, 20 கிலோமீட்டரோ அதற்கு மேலோ உள்ள ஊருக்கு மாற்றினால் கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் மாற்றல் மானியமாகக் கிடைக்கும். அடிப்படைச் சம்பளம் 60 ஆயிரம் என்றால் 48 ஆயிரம் ரூபாய். சாமான் கொண்டுபோவதற்கும் பயணத்துக்கும் தனி. 20 கிலோமீட்டருக்குள் அல்லது அதே நகருக்குள் மாற்றல் என்றால், உண்மையிலேயே வீடு மாறினால் மட்டும் அந்த மானியத்தில் மூன்றில் ஒரு பங்கு. வரிவிலக்குக்கு அதே 'செலவான அளவு' விதிதான். அலுவலகம் கேட்காவிட்டாலும் ரசீதுகளை எடுத்து வையுங்கள்.

தாம்பரம், சென்னையா இல்லையா?

பழைய வரி முறையில் இருப்பவர்களிடம் இந்தச் சர்ச்சை ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டு வாடகைப் படிக்கான விலக்கில், சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் குடியிருந்தால் சம்பளத்தில் 50 சதவீதம் வரை, மற்ற ஊர்களில் 40 சதவீதம் வரை என்று வைத்திருந்தார்கள். தாம்பரம் 2021 நவம்பரில் தனி மாநகராட்சி ஆனது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் இப்போது அதற்குள். மாவட்டமும் செங்கல்பட்டு. ஆனால் சோழிங்கநல்லூரும் பெருங்குடியும் 2011 முதலே சென்னை மாநகராட்சி. அதற்கு அந்தப் பக்கம் நாவலூர் வந்தால் மறுபடி செங்கல்பட்டு மாவட்டம். ஒரே கம்பெனி பஸ்ஸில் வரும் மூன்று பேருக்கு மூன்று பதில்!

மாமாவின் யோசனை, மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் 40 சதவீதம் என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. எனக்கென்னவோ நம் பக்கத்து வாடகைக்கு இந்தச் சண்டையே வீண் என்று தோன்றுகிறது. மூன்று கணக்குகளில் எது குறைவோ அதுதானே விலக்கு? சம்பளம் மாதம் 50 ஆயிரம், வாடகை 18 ஆயிரம் என்று வையுங்கள். 50 சதவீதம் என்றால் 25 ஆயிரம், 40 என்றால் 20 ஆயிரம். ஆனால் வாடகையில் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 13 ஆயிரம். கிடைக்கப்போவது இந்த 13 ஆயிரத்துக்கு மேல் இல்லை. பிறகு சென்னையாக இருந்தால் என்ன, செங்கல்பட்டாக இருந்தால் என்ன?

வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்தால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். அதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எதிர்த்திசையில், தாம்பரத்தில் சொந்த வீடு வைத்துக்கொண்டு பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிறவர்களும் உண்டு. இங்கே உள்ள வீட்டை வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருந்தால், அதற்குக் கற்பனையாக ஒரு வாடகை போட்டு வரி கேட்க மாட்டார்கள். இரண்டு வீடுகள் வரை இந்தச் சலுகை உண்டு. வாடகைக்கு விட்டால் அது வருமானம், 30 சதவீதம் பராமரிப்புக் கழிவு போக வரி.

கம்பெனி மறுத்துவிட்டால்

ஆதாரம் கொடுக்கும் தேதி தாண்டிவிட்டது, படிவம் 16-ல் முழுத் தொகையும் சம்பளமாக வந்துவிட்டது என்றாலும் கதவு அடைபடவில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது சம்பளப் பகுதியில் விலக்குப் பெற்ற படிகள் என்று ஓர் இடம் இருக்கும். அதில் 10(14)(i) என்பதைத் தேர்ந்தெடுத்து, செலவான தொகையைக் காட்டலாம். அப்போது பில் எதையும் இணைக்கக் கேட்பதில்லை. ஆனால் படிவம் 16-க்கும் உங்கள் கணக்குக்கும் வித்தியாசம் இருப்பதால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம். கையில் கடிதமும் பில்லும் இருந்தால் பதில் சொல்லிவிடலாம். இல்லாத செலவைக் காட்டி, பிடிபட்டால் தப்பித்த வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம் வரை போகும். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு 'ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுபவர்களிடம் ஜாக்கிரதை.

2025-26-ல் வீடு மாறியவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தும். 2026 ஏப்ரல் முதல் 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியிருக்கின்றன. இந்த ஆண்டு மாற்றலாகிப் போகிறவர்கள், கிளம்பும் முன்பே உங்கள் சம்பளப் பிரிவில் புது எண்ணையும் பில் கொடுக்க வேண்டிய கடைசித் தேதியையும் மெயிலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம்.

மாடி வீட்டுப் பெண்ணிடம் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து மாதம் பிடித்த 35,750 ரூபாய் அரசாங்கத்திடம் இருக்கிறது. போன வாரம் மாமா ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தார். ஆதார் ஓ.டி.பி. வைத்து உறுதி செய்தும் ஆயிற்று. அதைச் செய்யாமலே விட்டால் ரிட்டர்ன் போட்டதற்கே அர்த்தமில்லை. பணம் இன்னும் வரவில்லை. தினமும் காலையில் துணி காயப்போட மாடிக்குப் போகும்போது, "வந்துச்சா?" என்று கேட்கிறேன். "ப்ராசஸிங்னு இருக்கு அக்கா" என்கிறாள்.